கைவிளக்கேந்திய காரிகையின் தெரியாத பக்கம்: நைட்டிங்கேலின் வலிக்கு விளக்கம் கிடைக்க 140 ஆண்டுகள் ஆனது ஏன்?

பள்ளிப் பாடப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இருட்டான மருத்துவமனைக் கூடம். இரண்டு பக்கமும் படுத்துக் கிடக்கும் சிப்பாய்கள். நடுவில் கையில் விளக்கோடு நடந்து வரும் ஒரு பெண். கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் படித்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்.

பாடம் அந்தப் படத்தோடு முடிந்துவிடும். ஆனா, அவருடைய வாழ்க்கை அங்கே முடியவில்லை. விளக்கோடு நடந்தபோது அவருக்கு வயசு 34. போர் மருத்துவமனைகளில் அவர் இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. ஊர் திரும்பிய பிறகு இன்னும் 54 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்த 54 ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் ஒரு அறைக்குள்ளேயே கழித்தார். பல ஆண்டுகள் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. முதுகுவலி, தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். காரணம் என்னவென்று அன்றைய டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. அவர் இறந்த பிறகு எழுதியவர்களில் சிலர், அது நோயே இல்லை, வேலை நடக்க அவர் போட்ட நாடகம் என்கிற அளவுக்குப் போனார்கள்.

உலகத்துக்கே நோயாளியைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தவரின் வலியே இப்படிப் பார்க்கப்பட்டது ஏன்? அந்த வலிக்குப் பின்னால் இருந்தது என்ன?

யார் இந்த நைட்டிங்கேல்?

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கும் வைக்கப்பட்டது. பெற்றோர் வசதியான ஆங்கிலேயர்கள். இங்கிலாந்தில் இரண்டு பெரிய வீடுகள், வேலையாட்கள், விருந்துகள் என்று எதற்கும் குறைவில்லாத குடும்பம்.

அப்பாவே மகள்கள் இருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார். கிரேக்கம், லத்தீன், வரலாறு, தத்துவம் எல்லாம் உண்டு. ஃப்ளோரன்ஸுக்குக் கணக்கு மீது தனிப் பிரியம்.

16 வயசில், கடவுள் தன்னை ஒரு பணிக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அது நோயாளிகளைக் கவனிக்கும் பணி என்று சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தார். வீட்டில் பெரிய எதிர்ப்பு. ஏன்னா, அந்தக் காலத்தில் நர்ஸ் வேலை என்பது படிக்காத, ஏழைப் பெண்கள் வேறு வழியில்லாமல் செய்யும் வேலை. குடிப்பழக்கம் உள்ளவர்கள் செய்யும் வேலை என்ற கெட்ட பெயரும் அதற்கு இருந்தது. நல்ல குடும்பத்துப் பெண் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பல ஆண்டுகள் போராடினார். தேடி வந்த நல்ல வரனையும் மறுத்தார். 1851-ல் ஜெர்மனியில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். 1853-ல் லண்டனில் பெண்களுக்கான ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளர் ஆனார். அப்பா ஆண்டுக்கு 500 பவுண்ட் கொடுக்க ஒப்புக்கொண்டார். அது பெரிய தொகை. பின்னாளில் அவருடைய உயிரைக் காப்பாற்றியதில் இந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு.

ஸ்கூட்டாரியில் என்ன நடந்தது?

1854-ல் ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. காயம்பட்ட வீரர்கள் கவனிப்பார் இல்லாமல் சாகிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வர, நாடே கொதித்தது. அப்போது போர்த் துறைச் செயலாளராக இருந்தவர் நைட்டிங்கேலின் நண்பர் சிட்னி ஹெர்பர்ட். அவர் கேட்டுக்கொண்டபடி, 38 பெண்களோடு நைட்டிங்கேல் கிளம்பினார். 1854 நவம்பர் 4 அன்று இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே எலி, பேன், அழுக்குத் துணி, கட்டிடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடை. குண்டடி பட்டு இறந்தவர்களை விட டைபாய்டு, காலரா, வயிற்றுப்போக்கால் இறந்தவர்களே அதிகம்.

நைட்டிங்கேல் சமையலறை அமைத்தார், துணி துவைக்க ஏற்பாடு செய்தார், பொருட்களை வரவழைத்தார். 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்து காற்றோட்டத்துக்கு வழி செய்தது. மரணங்கள் மளமளவென்று குறைந்தன. சுத்தமான காற்று, தண்ணீர், கழிவு வெளியேற வழி – இவை இல்லாத இடத்தில் நல்ல மனசு மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பது அவருக்கு வாழ்நாள் பாடமானது.

1855 மே: அந்தக் காய்ச்சல்

1855 மே மாதம், கிரிமியாவில் உள்ள மருத்துவமனைகளைப் பார்வையிட கப்பலில் பாலக்லாவா துறைமுகத்துக்குப் போனார். போன சில நாட்களிலேயே காய்ச்சல். கடுமையான காய்ச்சல்.

அந்தப் பகுதியில் பலருக்கும் வந்துகொண்டிருந்த அதற்கு அன்று வைத்த பெயர் கிரிமியக் காய்ச்சல். நினைவு தப்பிப் பிதற்றும் நிலைக்குப் போனார். தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். இனி பிழைக்க மாட்டார் என்றுகூட நினைத்தார்கள். பிரிட்டிஷ் படைத் தளபதி ராக்லன் பிரபுவே குதிரையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிழைத்துக்கொண்டார். ஓய்வுக்கு ஊருக்குப் போகச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். ஆனா, காய்ச்சல் விட்டதோடு கதை முடியவில்லை. அதே ஆண்டு பிற்பகுதியில் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் கடும் நரம்புவலியோடு மறுபடியும் மருத்துவமனையில் படுத்தார். வலியோடும் தூக்கமின்மையோடும் போர் முடியும் வரை அங்கேயே இருந்தார்.

இந்த வரிசையை ஞாபகம் வச்சுக்கோங்க: முதலில் காய்ச்சல், சில மாதங்களில் நரம்புவலி, பிறகு ஆண்டுக்கணக்கில் அசதி. பின்னால் இதுதான் துப்பு.

ஊர் திரும்பிய பிறகு

1856 ஆகஸ்டில் இங்கிலாந்து திரும்பினார். விக்டோரியா ராணிக்கு அடுத்தபடி நாட்டில் பிரபலமான பெண் அவர்தான். வரவேற்பு எதையும் ஏற்காமல், சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ராணியைச் சந்தித்து, ராணுவ சுகாதாரத்தை விசாரிக்க ஒரு ஆணையம் வேண்டும் என்று கேட்டார். 1857-ல் ஆணையம் அமைந்தது. அதற்கான புள்ளிவிவரம், கேள்விகள், அறிக்கை எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்து உழைத்தவர் அவர்தான்.

அந்த ஆகஸ்டிலேயே உடம்பு மொத்தமாக விழுந்துவிட்டது. நெஞ்சு படபடப்பு, மூச்சிரைப்பு, எதையும் சாப்பிட முடியாத நிலை. மால்வெர்ன் என்ற ஊருக்கு நீர் சிகிச்சைக்குப் போனார். அன்று பிரபலமாக இருந்த சிகிச்சை அது. குளிர்ந்த நீரில் குளிப்பது, ஈரத் துணியைச் சுற்றிப் படுப்பது என்று போகும். பெரிதாகப் பலன் இல்லை.

தான் சீக்கிரம் இறந்துவிடுவோம் என்றே அவர் நம்பினார். தன் மரணத்துக்குப் பிறகு அனுப்பச் சொல்லி சிட்னி ஹெர்பர்ட்டுக்குக் கடிதம்கூட எழுதி வைத்தார். அப்போது அவருக்கு வயசு 37. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழப்போகிறோம் என்று அவருக்கும் தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாது.

படுக்கையே அலுவலகம்

இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய ஆச்சரியம். அவர் உலகத்தை மாற்றிய வேலைகளில் பெரும்பாலானவை இந்த வலிக்குப் பிறகு நடந்தவை.

1858-ல் ராணுவ மரணங்களை வண்ணங்களில் பிரித்துக் காட்டும் புகழ்பெற்ற வட்ட வரைபடத்தை வெளியிட்டார். தடுக்கக்கூடிய நோயால் இறந்தவர்கள் நீலம், காயத்தால் இறந்தவர்கள் சிவப்பு, மற்றவை கறுப்பு. கணக்கே தெரியாத அமைச்சருக்கும் ஒரே பார்வையில் புரியும். லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அந்தக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான்.

1860-ல், மக்கள் நன்கொடையாகத் திரட்டிக் கொடுத்த பணத்தில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இழிவாகப் பார்க்கப்பட்ட வேலை, பயிற்சியும் மரியாதையும் உள்ள தொழிலாக மாறத் தொடங்கியது.

இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால், இங்கிருந்த ராணுவ முகாம்களின் சுகாதாரம் பற்றி விவரம் கேட்டு, வந்து குவிந்த பதில்களைப் படுக்கையில் இருந்தபடியே ஆராய்ந்தார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆயிரத்துக்கு 69 பேர் ஆண்டுதோறும் இறப்பதை 1863-ல் வெளியான அறிக்கை அம்பலப்படுத்தியது. அதைத் தொடர்ந்து சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் வந்தன. பின்னாளில், நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்கிற 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, பாசன வசதி வேண்டும் என்று இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதி வாதாடினார்.

இவ்வளவும் எப்படி முடிந்தது? ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் சந்திப்பார், அதுவும் முன்கூட்டியே நேரம் வாங்கியிருந்தால் மட்டும். மற்றதெல்லாம் கடிதம்தான். கூட்டம் கிடையாது, விருந்து கிடையாது, வெட்டிப் பேச்சு கிடையாது. உடம்பில் இருந்த கொஞ்சநஞ்ச தெம்பையும் அளந்து அளந்து செலவு செய்தார்.

1861: எழவே முடியாத ஆண்டுகள்

1861 அவருக்கு மோசமான ஆண்டு. ஆகஸ்டில் சிட்னி ஹெர்பர்ட் இறந்தார். நவம்பரில், உதவியாளர்போல் கூடவே இருந்து உழைத்த கவிஞர் ஆர்தர் கிளஃப் இறந்தார். டிசம்பரில் நைட்டிங்கேல் விழுந்தார்.

இந்த முறை முதுகெலும்பில் கடும் வலி. நடக்க முடியவில்லை. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கித்தான் கொண்டு போக வேண்டும். சுமார் ஆறு ஆண்டுகள் இப்படியே போயின. முதுகெலும்பில் ரத்தக்கட்டு, மனக்கவலை, வேலைப்பளு என்று அன்றைய மருத்துவம் காரணம் சொன்னது.

தோலுக்கு அடியில் ஓபியம் ஊசி போடும் முறை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. ஒரு நாள் முழுக்க வலி மட்டுப்படுகிறது, ஆனால் மூளை மந்தமாகிவிடுகிறது என்று கடிதத்தில் எழுதினார். வலியைத் தாங்குவதா, வேலையை இழப்பதா? நாட்பட்ட வலி உள்ளவர்கள் இன்றைக்கும் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் அதே கேள்விதான்.

நோயாளி எழுதிய புத்தகம்

நர்ஸிங் பற்றி அவர் எழுதிய சிறிய புத்தகம் ஒன்று உண்டு. 1859-ல் எழுதியது. இன்றுவரை அச்சில் இருக்கிறது. பலரும் அதை ஒரு நர்ஸ் எழுதிய புத்தகமாகத்தான் படிக்கிறார்கள். ஆனா, அதை எழுதும்போது அவர் ஒரு நோயாளியும்கூட. இதைத் தெரிந்துகொண்டு படித்தால், பல பக்கங்கள் வேறு மாதிரி தெரியும்.

கதவுக்கு வெளியே கிசுகிசுவென்று பேசுவது நோயாளியை எவ்வளவு வதைக்கும் என்று எழுதுகிறார். கட்டில் மேல் வந்து உட்காருவதும், பாவாடை சரசரக்க நடப்பதும்கூட அவருடைய புகார்ப் பட்டியலில் உண்டு. ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடப்பவருக்கு ஒரு பூங்கொத்தின் நிறம் என்ன செய்யும் என்றும், நீண்ட நாள் நோயாளிக்கு ஒரு சிறிய செல்லப்பிராணி நல்ல துணை என்றும் சொல்கிறார். அவர் அறையில் எப்போதும் பூனைகள் இருந்தன.

ஒரு முழு அத்தியாயம், நோயாளியைப் பார்க்க வருபவர்களின் வெட்டி ஆறுதலைப் பற்றியது. உனக்கு ஒண்ணும் இல்ல, சீக்கிரம் சரியாயிடும், அந்த ஊருக்குப் போய்ப் பாரு, இதைச் சாப்பிட்டுப் பாரு என்று ஆளாளுக்குச் சொல்லும் யோசனைகள். தன் உடம்பைப் பற்றி நன்றாகவே தெரிந்த நோயாளியை, இந்தப் பேச்சு இன்னும் தனிமையாக்குகிறது என்பது அவர் வாதம். நாட்பட்ட வலியோடு வாழும் எந்தப் பெண்ணும் இந்த அத்தியாயத்தைப் படித்தால், நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாரோ என்று நினைப்பார்.

இன்னொன்று மிக முக்கியம். நோயாளியிடம் நல்லா தூங்கினீங்களா என்று கேட்கக் கூடாது என்கிறார். எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, எப்போது தூங்கி எப்போது எழுந்தீங்க என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் நோய் தெரியும். வலியை நம்புவது என்பது சும்மா பரிதாபப்படுவது இல்லை, சரியாகக் கேட்டு, சரியாகக் குறித்துக்கொள்வது – இதுதான் அவர் சொல்லிக்கொடுத்தது.

ஆனால், அடுத்தவர் வலி?

நைட்டிங்கேலைத் தெய்வமாக்கினால் ஒரு உண்மை மறைந்துபோகும். தன் வலியை மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்த அவர், மற்றவர்களின் நோயை எப்போதும் அதே கண்ணோடு பார்க்கவில்லை.

சிட்னி ஹெர்பர்ட் சிறுநீரக நோயால் நலிந்துகொண்டிருந்தார். உடம்பு முடியவில்லை என்று அவர் சொன்னபோதும், போர்த் துறைச் சீர்திருத்தத்தை விடக் கூடாது என்று நைட்டிங்கேல் நெருக்கினார். 50 வயசிலேயே அவர் இறந்துவிட்டார். ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து கவனித்துக்கொண்ட அத்தை மேரி, 1860-ல் தன் குடும்பத்தைப் பார்க்கத் திரும்பிப் போனார். அதைத் துரோகமாக எடுத்துக்கொண்ட நைட்டிங்கேல், பல ஆண்டுகள் அவரோடு பேசவில்லை.

அடுத்தவர் உடம்புக்குள் இருக்கும் வேதனை கண்ணுக்குத் தெரியாது. அதை நம்ப ஒரு முயற்சி தேவை. அந்த முயற்சியில் நைட்டிங்கேலே தோற்றிருக்கிறார் என்றால், பத்து நிமிஷத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டிய டாக்டருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசிக்கலாம்.

நாடகம் என்று சொன்னவர்கள்

1910-ல் நைட்டிங்கேல் இறந்தார். எட்டே ஆண்டுகளில், 1918-ல், லிட்டன் ஸ்ட்ரேச்சி என்ற எழுத்தாளர் விக்டோரியா காலத்துப் பிரபலங்கள் நான்கு பேரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒருவர் நைட்டிங்கேல். சாந்தமான தேவதை என்ற பிம்பத்தை அவர் உடைத்தார். கூடவே, அந்த நோய் அவருக்கு வசதியாகத்தான் இருந்தது என்ற தொனியிலும் எழுதினார்.

அந்தத் தொனி அப்படியே தொடர்ந்தது. 1974-ல் ஜார்ஜ் பிக்கரிங் என்ற பிரபல பிரிட்டிஷ் டாக்டர், இது மனம் உண்டாக்கிய நோய், வேலையைச் செய்து முடிக்க உதவிய நோய் என்று எழுதினார். அதே புத்தகத்தில் சார்லஸ் டார்வினின் நோயையும் அவர் அப்படித்தான் பார்த்தார். 1982-ல் எஃப்.பி. ஸ்மித் என்ற வரலாற்று ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போய், நைட்டிங்கேலைச் சூழ்ச்சிக்காரராகவே காட்டினார்.

இவர்கள் பக்கம் இருந்த வாதங்கள் என்ன? எந்த உறுப்பிலும் நோய் கண்டுபிடிக்கப்படவில்லை. அம்மாவும் அக்காவும் பார்க்க வந்தால் உடம்பு மோசமாகிறது. நோயாளி என்றால் இவ்வளவு வேலை செய்ய முடியுமா? செத்துவிடுவேன் என்றவர் 90 வயசு வரை வாழ்ந்தாரே?

இந்தக் கேள்விகள் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஸ்கேன் எல்லாம் நார்மல்தானே. மாமியார் வந்தா மட்டும் தலைவலி வந்துடுது. ஆபீஸுக்குப் போறா, சமைக்கிறா, அப்புறம் என்ன வலி? நம் வீடுகளில் தினமும் கேட்கும் அதே கேள்விகள்தான்.

இதற்குப் பின்னால் பழைய மருத்துவ வழக்கமும் இருக்கிறது. காரணம் தெரியாத பெண்களின் வலிக்கு ஹிஸ்டீரியா என்று பெயர் வைப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலிருந்து அந்த நோய்ப் பெயர் நீக்கப்பட்டது 1980-ல்தான்.

ஆட்டுப்பாலில் இருந்த துப்பு

சரி, உண்மையில் அவருக்கு என்னதான் நோய்?

1887-ல் மத்திய தரைக்கடல் தீவான மால்டாவில், டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர், காய்ச்சலால் இறந்த வீரர்களின் உடலில் ஒரு புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அவர் பெயராலேயே அதற்கு புரூசெல்லா என்று பெயர் வந்தது. அந்தக் கிருமி ஆட்டுப்பாலில் இருந்து வருவதை 1905-ல் மால்டாவைச் சேர்ந்த டாக்டர் தெமிஸ்டோக்லிஸ் சம்மித் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு ராணுவ வீரர்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். நோய் சட்டென்று குறைந்தது.

இந்த நோய் நமக்கும் புதிது இல்லை. கால்நடைத் துறை கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடும் கன்று வீச்சு நோய் இருக்கிறதே, அது இந்தக் குடும்பத்துக் கிருமியால் வருவதுதான். காய்ச்சாத பால் வழியாகவும், நோயுள்ள கால்நடைகளோடு பழகுவதன் மூலமும் மனிதர்களுக்கு வரும்.

மனிதர்களுக்கு வந்தால்? விட்டு விட்டுக் காய்ச்சல், கடும் அசதி, பசியின்மை, மூட்டுவலி, முதுகெலும்பில் அழற்சி, காலுக்கு இறங்கும் நரம்புவலி, மனச்சோர்வு. சிலருக்குக் கொஞ்ச நாள் சரியாகும், மறுபடியும் வரும். இப்படியே ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

1995 டிசம்பரில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். 1855-ன் கிரிமியக் காய்ச்சல், அதற்குப் பின் வந்த நரம்புவலி, 1861-ன் முதுகெலும்பு வலி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். நாட்பட்ட புரூசெல்லா நோயோடு இவை பொருந்துகின்றன என்று காட்டினார். காய்ச்சல் வந்து சரியாக 140 ஆண்டுகள் கழித்து!

இது உறுதியான முடிவு இல்லை. ரத்தப் பரிசோதனை செய்ய வழியில்லை. போர் தந்த மன அதிர்ச்சியும் காரணமாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால், ஒரு விஷயம் தெளிவாகிறது. புரூசெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டபோது நைட்டிங்கேலுக்கு வயசு 67. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் எந்த டாக்டரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மருத்துவத்துக்கு அன்று தெரியாத ஒன்றை, இல்லாத ஒன்று என்று எழுதியதுதான் பிழை.

இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை இன்று நாட்பட்ட வலி என்கிறார்கள். வலியை ஆராயும் சர்வதேச சங்கம் 2020-ல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தது. ஸ்கேனில் தெரிகிறதா இல்லையா என்பது அதற்கு நிபந்தனை இல்லை.

ஆனா, பழைய கடன் இன்னும் தீரவில்லை. கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டியது. 1993-ல்தான் அது மாறியது. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ், இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க சுமார் 19 கோடி பேருக்கு இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. மாசா மாசம் வர்ற வலிதானே என்று சொல்லியே பல பெண்களுக்கு அதைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

நைட்டிங்கேலின் பிறந்தநாளான மே 12, உலக செவிலியர் தினம் என்று எல்லோருக்கும் தெரியும். அதே நாள்தான், உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, நாட்பட்ட சோர்வு நோய் ஆகியவற்றுக்கான சர்வதேச விழிப்புணர்வு தினமும். இரண்டுமே பெண்களை அதிகம் பாதிப்பவை. 1990-களில் இந்த நோயாளிகளே அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். படுக்கையில் கிடந்த நைட்டிங்கேலை அவர்கள் தங்களில் ஒருவராகப் பார்க்கிறார்கள்.

வலியோடு டாக்டரிடம் போகும் பெண்ணுக்கும் அவருடைய பழைய பாடம் உதவும். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்குகிறது, எத்தனை மணி நேரம் இருக்கிறது, தூக்கம் எவ்வளவு கெடுகிறது, எந்த வேலையைச் செய்ய முடியாமல் போகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போகலாம். அந்த நோட்டைத் தள்ளி வைக்காமல் படிக்கும் டாக்டர் கிடைத்தால், பாதி வழி கடந்த மாதிரி.

கடைசி ஆண்டுகள்

1860-களின் கடைசியில் நைட்டிங்கேலின் முதுகுவலி மெல்லக் குறையத் தொடங்கியது. 60 வயசுக்குப் பிறகு உடம்பு ஓரளவு தேறியது. முன்பிருந்த கடுமை தணிந்து, பயிற்சி பெற வந்த இளம் நர்ஸ்களோடு பாசமாகப் பழகினார். முதுமையில் பார்வை போனது. 1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் தாக்குப்பிடித்ததற்குப் பணமும் பெயரும் ஒரு காரணம். தனி அறை, வேலையாட்கள், வீட்டுக்கே வரும் டாக்டர், கதவை மூடிக்கொள்ளும் உரிமை எல்லாம் அவருக்கு இருந்தது. அவரோடு கிரிமியாவுக்குப் போன சாதாரண நர்ஸ் ஒருவருக்கு இதே காய்ச்சல் வந்து, இதே வலி தொடர்ந்திருந்தால், வேலை போயிருக்கும். அவருடைய வலியைப் பற்றி ஆராய ஒரு கடிதம்கூட மிஞ்சியிருக்காது.

1910 ஆகஸ்ட் 13 அன்று, லண்டன் வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயசு 90. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரச மரியாதையோடு அடக்கம் செய்ய முன்வந்தார்கள். குடும்பத்தினர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், கிழக்கு வெல்லோ கிராமத்தின் சின்ன தேவாலயத்தில், பெற்றோர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கல்லறையில் முழுப் பெயர்கூட இல்லை. பெயரின் இரண்டு முதலெழுத்துகளும், பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டும்தான். அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில், விளக்கோடு நடந்த 21 மாதங்களை உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. வலியோடு எழுதிய ஆண்டுகள் அதைவிட எவ்வளவோ அதிகம்.